கூட்ட அறையின் காற்று

காலை பத்தரை மணிக்குப் பதினேழு உறுப்பினர்களும் ஒரு கிருமியும் வந்து அமர்ந்த கூட்ட அறையில், தீயணைப்பு நிலைய அதிகாரி தெய்வசிகாமணிக்குக் கடைசி நாற்காலிதான் கிடைத்தது. கிருமிக்கு முன்வரிசை. சுற்றுப்புறத்தில் ஆபத்தான உயிரிகளைக் கண்டறியத் தரநிலை வகுக்கும் குழு அது. தரநிலையால் பாதிக்கப்படும் எவருக்கும் அதில் இடம் உண்டு. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நிறைவேறும். கிருமி கண்ணாடித் தட்டில், தன் பெயர்ப்பலகைக்குப் பின்னால் அடக்கமாக இருந்தது.

தெய்வசிகாமணிக்கு அவசரம். அவர் மனைவி எழிலரசி பஜார் தபால் நிலையத்தில் பார்சல் பிரிவு. மூன்று வாரத்துக்கு முன் ஒரு பார்சலிலிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. அவரை உள்ளே வைத்துக் கதவுக்கு முத்திரை போட்டவர் தெய்வசிகாமணியேதான். கண்டறியும் கருவி வாசலில் நின்றது. எது ஆபத்து என்று தரநிலை வரும்வரை அது ஊளையிடவும் கூடாது, சும்மா இருக்கவும் கூடாது. அதனால் முனகிக்கொண்டிருந்தது.

எழிலரசி போன் செய்தார்.

"என்னங்க, இன்னைக்காவது முடிச்சிருவாங்களா?"

"ஒருத்தர்தான் பாக்கி."

"யாரு?"

"கிருமி."

"அதுக்கு என்னவாம்?"

"தலைப்பு பிடிக்கலையாம்."

"வாயத் திறந்து பேசுங்க. சாக்கு மேல படுத்து முதுகு போச்சு எனக்கு."

தலைவர் டாக்டர் பத்மலோசனி வரைவை வாசித்தார். தலைப்பில் 'அச்சுறுத்தும் உயிரி' என்ற இடத்தில் கிருமி குறுக்கிட்டது.

"நான் யாரையும் அச்சுறுத்தினதில்லைங்க மேடம். சொல்லாமத்தான் வருவேன்."

நியாயம்தான் என்று 'வருகை தரும் உயிரி' என மாற்றினார்கள். பிறகு டீ வந்தது. கிருமி வடை வேண்டாம் என்றது. யாராவது சாப்பிட்டபின் பார்த்துக்கொள்வதாகச் சொன்னது.

ஆபத்தான காற்றை அறிய முதலில் சுத்தமான காற்று எது என்று தெரிய வேண்டும். ஆளாளுக்குத் தங்கள் ஊர்க் காற்றைச் சொன்னார்கள். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. தெய்வசிகாமணி எழுந்தார்.

"இந்த ரூம் காத்தையே வச்சுக்கலாமே. மூணு வாரமா இதைத்தான் சுவாசிக்கிறோம். யாருக்கு என்ன ஆச்சு?"

"இதுல நானும் இருக்கேனே," என்றது கிருமி.

"உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

கிருமி தட்டின் விளிம்புவரை வந்தது. இதுவரை யாரும் தன்னை அப்படிச் சேர்த்ததில்லை என்றது. தரநிலை ஒருமனதாக நிறைவேறியது.

அன்று மாலை தபால் நிலைய வாசலில் கருவி ஊளையிட்டது. கொட்டியிருந்தது பச்சரிசி மாவு. உள்ளே பேருக்கு ஒரு கிருமிகூட இல்லை. தரநிலைப்படி அது அபாயகரமான காற்று.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து எழிலரசி கேட்டார்.

"போய்க் கூட்டிட்டு வர்றேன்."

கிருமி ஆட்டோவில் வந்தது. உள்ளே போனதும் கருவி அடங்கியது. முத்திரையை உடைத்தார்கள். எழிலரசி வெளியே வந்து தட்டை உற்றுப் பார்த்தார்.

"இதுவா அது? ஒல்லியால்ல இருக்கு."

கிருமி இரண்டாகப் பிரிந்து, ஒன்றைப் பார்சல் பிரிவில் வேலைக்கு விட்டுவிட்டு, மற்றொன்றாக அவர்களை வீடுவரை கொண்டுபோய் விட வந்தது. அவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டுத் தெருமுனையிலேயே நின்றுகொண்டது. முத்திரை உடைத்தவர் வீட்டையும் சோதிக்க வேண்டும் என்பது விதி. வாசலில் வைத்ததும் கருவி மறுபடி ஊளையிட்டது.

தெய்வசிகாமணி மனைவியைப் பார்த்தார். எழிலரசி தெருமுனையைப் பார்த்தார்.

"தம்பி, மாடி ரூம் காலியாத்தான் கிடக்கு. வந்து இருந்துக்க."

"தண்ணி வசதி உண்டாக்கா?" என்றது கிருமி.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி அவர்களுடைய ரேஷன் அட்டையில் கிருமியின் பெயர் சேர்க்கப்பட்டது. உறவுமுறை: மைத்துனர்.