குகை வாசலில் இரண்டு குவியல்

"தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கு ரொமேஷ், கல்லுல இடிக்குது."

முன்னால் கம்பு பிடித்திருந்த ஹுஸ்னி திரும்பாமலே சொன்னான். ரொமேஷ் தன் பக்கத்தைத் தோளில் இன்னும் மேலே ஏற்றினான். இரண்டு காட்டுக் கம்புகளுக்கு நடுவே, கூடாரத் துணிக்குள், அவனுடைய அக்கா புருஷன் ரபாயேல் ஆடிக்கொண்டு வந்தார். நேற்று இதே பாதையில் அரிசியும் தேங்காயும் கேத்தலும் கட்டிய மூட்டையோடு முன்னால் ஏறிப் போனவர் அவர்தான்.

மழை விட்டிருந்தது. அட்டைகள் விடவில்லை. மேலே வந்து பார்த்த கான்ஸ்டபிள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ரோட்டு வரைக்கும் இறக்குங்கள், ஜீப் நிற்கும் என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டான். கொழும்பிலிருந்து மலை பார்க்க வந்த விருந்தாளிகள் நான்கு பேரும் அவன் பின்னாலேயே இறங்கிவிட்டார்கள். நடுவில் கம்புக்குக் கை கொடுக்கக் கீழ் ஊரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க," என்றான் ஹுஸ்னி. மாத்தளைக்காரன். மலைக்கு ஆட்களைக் கூட்டிப் போகும் வழிகாட்டி. "அக்காட்டயும் சரி, போலீஸ்லயும் சரி, ஒரே கதைதான். தூக்கத்துல மௌத்தாகிட்டாரு. அவருக்கே தெரியாம உசுரு போயிருச்சு. வெளங்குதா?"

"ம்."

"பொய் இல்லயே. படுத்துத்தானே கெடந்தாரு."

"நெருப்புக் காவல்ல அவரு படுக்கமாட்டாரு ஹுஸ்னி நானா."

ஹுஸ்னி ஒரு வழுக்குப் பாறையைத் தாண்டினான். பிறகு, "கால பாத்து வையி," என்றான்.

ரபாயேல் தேயிலை ஃபெக்டரியில் இருபத்திரண்டு வருசம் அடுப்புக்கு விறகு போட்டவர். கொழுந்து காய வைக்கும் அந்தப் பெரிய அடுப்படியில் நின்றவர்கள் மணிக்கூடு பார்ப்பதில்லை. விறகை ஆளுக்கொரு குவியலாகப் பிரித்துக்கொள்வார்கள். தன் குவியல் எரிந்து முடிந்தால் முறை முடிந்தது, அடுத்தவனை எழுப்பலாம். ஃபெக்டரியை மூடிய பிறகு அவர் ஹுஸ்னியிடம் மூட்டை தூக்க வந்தார். ஆனால் எங்கே நெருப்பு மூட்டினாலும் முதலில் விறகைப் பிரிப்பார்.

குகையிலும் பிரித்தார். விருந்தாளிகளும் ஹுஸ்னியும் உள்ளே படுத்துக்கொள்ள, சாமான் தூக்குகிற இரண்டு பேரும் வாசலில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுத்தை நடமாடுகிற இடம். வலப்பக்கம் தனக்கு ஒரு குவியல், இடப்பக்கம் ரொமேஷுக்கு ஒரு குவியல்.

"என் குவியல் முடிஞ்சா ஒன்ன எழுப்புவேன். ஒன் குவியல் முடிஞ்சா விடிஞ்சிரும்."

"மச்சான், எனக்குப் பெரிய குவியலா வச்சிருக்கீங்க போல."

"நீ உடுற கொறட்டைக்கு வெறகே வேணாம்டா. நெருப்பு தானா எரியும்."

அதுதான் அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு ஒன்று இருந்தது. அது என்னவென்று ரொமேஷுக்குத் தெரியவில்லை.

நடுவில் எப்போதோ "ரொமேஷ்" என்று ஒரு சத்தம். ஒரு தடவைதான். அவன் "ம்" என்று சொல்லி, சாக்கைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு பாறைப் பக்கம் திரும்பிப் படுத்தான். முப்பது கிலோ சுமந்து ஏறிய உடம்பு. அவ்வளவுதான் ஞாபகம். கனவாகவும் இருக்கலாம்.

கண் விழித்தபோது வெளுத்திருந்தது. நெருப்பில் தணல் கிடந்தது. மச்சான் சுவர்ப்பக்கம் பார்த்து, முழங்காலை மடக்கி, படங்குத் துணியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். தன்னை எழுப்பாமல் ராத்திரி முழுக்க அவரே இருந்திருக்கிறார் என்று ரொமேஷுக்கு வெட்கமாகப் போனது. தூங்கட்டும் என்று விட்டான். கைக்கு அகப்பட்ட விறகை இழுத்துப் போட்டுக் கேத்தலை வைத்தான். சூரியன் வருவதைப் பார்க்க விருந்தாளிகள் அவருடைய காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அங்கிளை எழுப்பாதீர்கள் என்று ஒரு பெண் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள். எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினான். அவருடைய தலைமாட்டிலும் ஒரு கோப்பையை மூடி வைத்தான். அது ஆறிப்போய்விட்டதே என்று எடுக்கப் போனபோதுதான் தோளைத் தொட்டான்.

பிறகுதான் விறகைப் பார்த்தான். தரையில் கட்டைகள் கலைந்து, எது யாருடையது என்று தெரியாமல் சிதறிக் கிடந்தன. தேத்தண்ணிக்கு எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தான்? வலமா, இடமா? இரண்டிலுமா? மச்சானின் குவியல் முழுக்க எரிந்திருந்தால் அந்தச் சத்தம் முறை மாற்றக் கூப்பிட்டது. மீதம் இருந்திருந்தால், முறை முடியும் முன்பே வேறு எதற்கோ கூப்பிட்டது. இறங்கும் வழியெல்லாம் இதையே நினைத்தான். ஒரு வளைவில் வலம் என்று தோன்றியது, அடுத்த வளைவில் இடம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், நெஞ்சு அடைத்திருக்கிறது என்றார். உயிர் போனது ராத்திரி பன்னிரண்டு மணியாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். மரண விசாரணைக்கு வந்த பெரியவர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"ராத்திரி கூப்பிட்டாரா? சத்தம் ஏதும் போட்டாரா?"

"இல்ல சேர்."

யோசிக்கும் முன்னால் வாயிலிருந்து வந்துவிட்டது. பெரியவர் எழுதிக்கொண்டார். ரொமேஷ் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பெட்டி இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தது. முன்னறை கொள்ளாத கூட்டம். வாசலில் படங்கு கட்டி, உட்கார வாங்கு போட்டிருந்தார்கள். அக்கா மார்ஜரி பெட்டியின் தலைப்பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செய்தி கேட்டதிலிருந்து அவள் கண் மூடவில்லை. அழவும் இல்லை.

ஹுஸ்னி வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். "தூக்கத்துலயே போயிட்டாரு. ஒரு சின்ன சத்தம் இல்ல."

பக்கத்து வீட்டு இலட்சுமி மூக்கைச் சிந்திக்கொண்டே, "அப்பிடி ஒரு சாவு யாருக்குக் கெடைக்கும் மார்ஜரி? நோகாம கொள்ளாம..." என்றாள்.

"காவல்ல இருந்த மனுசன் எதுக்குத் தூங்கினாரு?" என்றாள் மார்ஜரி. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

யாரோ செபமாலையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

மூன்று மணியளவில் ரொமேஷ் பின்பக்க அடுப்படியில் இருந்தான். வருகிறவர்களுக்கு ஓயாமல் தேத்தண்ணி கொதிக்க வேண்டும். விறகு ஈரம், புகைந்தது. மார்ஜரி எழுந்து வந்து எதிரே குந்தினாள். ஊதுகுழலை அவன் கையிலிருந்து வாங்கி ஊதினாள். தீ பிடித்தது.

"ரெண்டு பேரும் குடிச்சிருந்தீங்களா?"

"இல்லக்கா. அந்தோனியார் சத்தியமா."

"வெறகப் பிரிச்சாரா?"

"பிரிச்சாரு."

"மொத முறை யாரு?"

"அவருதான்."

"ஒன்ன எழுப்பினாரா?"

கேத்தல் மூடி தடதடவென்று ஆடியது. எழுப்பினார், நான் எழுந்து உட்கார்ந்தேன், அவர் படுத்தார் என்று சொன்னால் அவளுக்கு அது போதும். முறையை முடித்துவிட்டுப் படுத்தார், தூங்கினார், போனார். ஹுஸ்னியின் கதைக்கும் அது ஒத்துப்போகும். இல்லை என்று சொன்னால் அந்தப் பெரியவரின் தாளுக்கு ஒத்துப்போகும். இரண்டும் அவன் நாக்கில் தயாராக இருந்தன.

"ரொமேஷ்னு ஒரு சத்தம் கேட்டுச்சுக்கா. நான் எந்திரிக்கல."

மார்ஜரி கேத்தலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"எத்தன தடவ?"

"எனக்குக் கேட்டது ஒரு தடவதான்."

"அதுக்குப் பொறகு?"

"தெரியாது. தூங்கிட்டேன்."

"யார் குவியல்ல மிச்சம் இருந்துச்சு?"

"அதான்க்கா தெரியல. பாக்குறதுக்கு முந்தி அத எரிச்சு டீ போட்டுட்டேன்."

"டீ போட்ட." அவள் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னாள். "அவருக்கும் வச்சியா?"

"வச்சேன்."

"சீனி போட்டா?"

"இல்ல. பிளேன்டீ. ஒரு துண்டு கருப்பட்டி வச்சேன்."

அவள் தலையை ஆட்டினாள். முன்னறையில் யாரோ புதிதாக வந்து ஒப்பாரி வைக்கும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மூலையில் கிடந்த விறகைத் தன் பக்கம் இழுத்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். அவன் பக்கம் ஒன்று, தன் பக்கம் ஒன்று. அவன் பக்கத்தில் ஒரு கட்டை கூடிப்போனதைப் பார்த்து எடுத்து மாற்றி வைத்தாள்.

"நாலரைக்கு ஃபாதர் வர்றாரு. ஒன்னோடது முடிஞ்சதும் என்ன எழுப்பு."

அரிசிச் சாக்கை விரித்து அடுப்புக்குப் பக்கத்திலேயே படுத்தாள். ரொமேஷ் அவளுடைய கால்களைப் பார்த்தான். காலையிலிருந்து அவள் செருப்பைக் கழற்றவே இல்லை.

இலட்சுமி வந்து கோப்பைகளை வாங்கிப் போனாள். படுத்திருந்தவளைப் பார்த்து வாயைத் திறந்தாள், ரொமேஷ் கையைக் காட்டினான், போய்விட்டாள். இரண்டு கேத்தல் கொதித்து இறங்கியது. மூன்றாவதை ஏற்றினான். அவனுடைய குவியல் குறைந்துகொண்டே வந்தது. கடைசிக் கட்டையைப் போட்டுவிட்டு, அது நடுவில் ஒடிந்து விழும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா."

மார்ஜரி "ம்" என்றாள். சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தான். முன்னறையில் செபமாலையின் அடுத்த பத்து மணிகளைச் சொல்லத் தொடங்கினார்கள். அடுப்பு தணிந்துகொண்டிருந்தது.

ரொமேஷ் குனிந்து, சத்தம் வராமல், அவளுடைய குவியலிலிருந்து ஒரு கட்டையை எடுத்து உள்ளே தள்ளினான்.