அக்கா வீட்டில் வடியாத வெள்ளம்

புயல் போய் ஒன்பது வருடமாகியும் அளவுக்காரரின் அக்கா வீட்டில் மட்டும் வெள்ளம் வடியவில்லை. மார்பளவுக்கு நின்றது. கதவு திறந்தே கிடந்தாலும் ஒரு சொட்டுகூட வாசற்படியைத் தாண்டவில்லை. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு மீன் ஏதாவது தெரியுதா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். அக்கா மிதக்கும் கட்டிலில் உட்கார்ந்து காய் நறுக்கினாள். அடுப்பு பரணில் எரிந்தது.

அளவுக்காரருக்கு அரசாங்க வேலை. ஒவ்வொரு புயலும் ஓய்ந்ததும் வெள்ளம் நின்ற உயரத்துக்குச் சுவர்களில் சிவப்புக் கோடு போடவேண்டும். கட்டுகிற வீட்டின் தரை அதற்கு மேலே இருக்கவேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்த அலுவலகத்தில் யாரும் தண்ணீரில் இறங்கி அளந்ததில்லை. சாப்பிட்டு, கண்ணயர்ந்து, செருப்பு நனையாத பதத்துக்கு வெள்ளம் வடிந்த பிறகு கிளம்புவதே வழக்கம். அலையாத்திக் காட்டோரம் இருந்த காவல் கொட்டகைச் சுவரிலும் அப்படித்தான் முழங்காலளவில் ஒரு கோடு விழுந்தது. கோடு தாழ்ந்ததும் காடு விழுந்தது. சேற்றில் மண்ணைக் கொட்டி இருநூறு வீடு கட்டினார்கள். "என் தம்பி அளந்த இடம்" என்று முதல் வீட்டை வாங்கியவள் அக்கா.

ஒன்பது வருடத்துக்கு முன் வந்த அடுத்த புயலில், மறிக்க மரமில்லாத கடல் நேராகக் கூடத்துக்கே வந்தது. அஸ்திவாரத்தடி மண் கரைந்து நாற்பது வீடுகள் குப்புற விழுந்தன. நண்டும் கொக்கும் திரும்பவேயில்லை. இறால் குஞ்சுகள் சாலைப் பள்ளங்களில் வெந்து செத்தன. அலமாரியைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா புருஷனை அலமாரியோடு அலை கொண்டுபோனது. அலமாரி கிடைத்தது.

தினமும் வாசலில் வந்து நின்றார் தம்பி.

"வெளிய வாக்கா. எங்க மாடி சும்மாத்தான் கெடக்கு."

"முழங்கால் தண்ணிக்கு எதுக்குடா வெளிய வரணும்? நீதானே அளந்த?"

"தப்புதான்க்கா."

"தப்பைக்கூட படியில நின்னுதான் சொல்லுவியா? செருப்பு நனைஞ்சிடுமோ?"

மோட்டார் வைத்து இறைத்துப் பார்த்தார். குழாயில் புழுதிதான் வந்தது. ஓய்வுபெற்ற மறுநாள், வழியனுப்பு விழாவில் போட்ட சால்வையோடும் டேப்போடும் வந்தவர், படியிறங்கினார். ஒன்பது வருடத்துத் தண்ணீர் புதிதாகச் சில்லென்றிருந்தது. டேப்பின் நுனியைக் கால் கட்டைவிரலால் தரையில் அழுத்திக்கொண்டு தலை நனையக் குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு?"

"நாலடி ரெண்டு அங்குலம்."

"தெருவுக்குக் கேக்கட்டும்."

கத்திச் சொன்னார். இரண்டாம் முறை குரல் உடைந்தது. எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளைக் கொஞ்சம் தாழ்த்திப் பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார். தண்ணீர் ஓர் அங்குலமும் இறங்கவில்லை. அதற்குப் பிறகு அது இறங்கும் என்று யாரும் காத்திருக்கவுமில்லை. அவர் தன் வீட்டுக்குத் திரும்பவில்லை; அங்கேயே தங்கிவிட்டார்.

மன்னித்துவிட்டதாக அக்கா கடைசிவரை சொல்லவில்லை. அன்று, மிதந்துபோன ஒரு துண்டை எட்டிப் பிடித்து, முறுக்கிப் பிழிந்து அவர் தலையில் போட்டாள்.

"துவட்டிக்க. சளி பிடிச்சா நான்தான் பாக்கணும்."

மார்பளவுத் தண்ணீரில் நின்றபடி, அவர் தலையை நன்றாகத் துவட்டிக்கொண்டார்.