கெசியாவின் காய்ச்சல்

மகள் ஜெமிக்கு நாலு வயது முடிவதற்குள் மறுபடியும் மறுபடியும் சிறுநீர்த் தொற்று. இந்த முறை உடம்பு அனலாய்க் கொதிக்க, சேலையூரில் இருக்கும் குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள் கெசியா. மருந்தில் காய்ச்சல் இறங்கியது. ஸ்கேனில் குறை ஒன்றும் தெரியவில்லை.

"நான் சுத்தமாத்தான் வச்சிருக்கேன் டாக்டர்," என்றாள் கெசியா, யாரும் கேட்காமலே.

"சின்ன வயசுல உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி வந்திருக்கா?"

"எனக்கு வந்திருக்கு. அடிக்கடி."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "கிருமி உள்ள வந்ததும் உடம்பு அடையாளம் கண்டு விரட்டணும். சில குடும்பங்கள்ல அந்த எதிர்ப்பு சக்தி பிறவியிலேயே கொஞ்சம் மந்தம். மரபணு வழியா வர்றது. ஆராய்ச்சி இன்னும் நடக்குது, இவளுக்கும் அதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அம்மா கவனிக்காததால வந்ததுன்னு மட்டும் நினைக்காதீங்க. தண்ணி நிறையக் குடிக்கட்டும், அடக்க விடாதீங்க. வளர வளரக் குறைஞ்சுடும்."

கேம்ப் ரோட்டைத் தாண்டி ஆட்டோ மாடம்பாக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனது. ஜெமி மடியில் தூங்கினாள். கெசியாவுக்குச் சின்ன வயதில் இருந்த கிழக்குத் தாம்பரத்து வாடகை வீடு ஞாபகம் வந்தது. எரிச்சலுக்குப் பயந்து அவள் பாத்ரூமில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கதவுக்கு வெளியே அப்பா அசரியா, தாம்பரத்திலிருந்து பீச் போகிற மின்சார ரயிலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி நிதானமாக, ஒவ்வொரு ஸ்டேஷனாக, "சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம்" என்று சொல்லிக்கொண்டே வருவார். பரங்கிமலை வருவதற்குள் அவளுக்குச் சிறுநீர் வந்துவிடும். வராவிட்டால் கிண்டியில் இறங்கி, அதே ஸ்டேஷன்களைத் தலைகீழாகச் சொல்லித் திரும்பி வருவார்.

அம்மா தபீதாள் பார்லித் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து தருவாள். நெற்றியில் ஈரத்துணி போடும்போது அவள் விரல்களில் ஃபீனைல் வாசம் அடிக்கும். பாத்ரூமைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்த விரல்கள். அந்த வாசமும் அந்த விரல்களும் பக்கத்தில் இருந்தால் கெசியாவுக்குக் காய்ச்சல்கூடச் சுகமாக இருக்கும்.

மாடம்பாக்கத்து வீட்டில் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு, டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னாள்.

தபீதாள் அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப உனக்கு வந்தது என்னால இல்லையா?"

"இல்லம்மா."

"பிள்ளைய சுத்தமா வச்சிருந்தா இது ஏன் வருதுன்னு சர்ச்சுல ஒருத்தி கேட்டா. அதுக்கப்புறம் நான் முன் பெஞ்சுல உக்காந்ததே இல்ல."

கெசியாவுக்கு இது புதுச் செய்தி. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செய்தித்தாளை மடித்து வைத்தார் அசரியா. "எங்க அக்காவுக்கும் சின்ன வயசுல இப்படித்தான் வரும். என் பக்கத்துலேர்ந்துதான் வந்திருக்கணும்."

"இத்தனை வருஷமா வாயத் திறக்கலையே நீங்க."

"அது குடும்பத்துல வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவரையே பார்த்துக்கொண்டிருந்த தபீதாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே ஜெமி விழித்துத் தண்ணீர் கேட்டாள். மூன்று பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.