அவர் மூடாத குடுவை

"உள்ள நம்ம மூச்சு படவே கூடாது. பட்டுச்சுன்னா, வந்தது தண்ணியில தானாப் பொறந்த உயிரா, நம்ம வாயிலேர்ந்து போனதான்னு சொல்ல முடியாது."

"ஆமா, பொறந்து வந்து உங்கள அப்பான்னு கூப்பிடப் போகுதாக்கும்."

"கூப்பிட்டா உன்னத்தான் கூப்பிடும். தெனம் தொடச்சு விடுறது நீதானே."

அவர் மனைவியிடம் அப்படிச் சொல்லிச் சிரித்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. அன்றிலிருந்து, வேதியியல் பேராசிரியரான அவரது வீட்டுப் பின்னறையில் அந்தக் கண்ணாடிக் குடுவை கொதித்துக்கொண்டே இருந்தது. உயிர் தோன்றுமுன் பூமியில் இருந்ததாக அவர் கணக்கிட்ட நீரும் வாயுக்களும். மின்னலுக்குப் பதில் நிமிடத்துக்கு ஒரு பொறி. டிக். மாலைத் தேநீரை நிலைப்படியில் வைத்துவிட்டு அவர் மனைவி சற்று நிற்பாள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்புவாள்.

இன்று அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

காலையில் பின்னறை நாற்காலியில் சாய்ந்து கிடந்தவரின், மூச்சுப் படாமலிருக்கக் கட்டும் வாய்த்துணி கழுத்துக்கு இறங்கியிருந்தது. குடுவையின் மூடி அவர் கைக்குள். அவள் அதைப் பிடுங்கி முதலில் குடுவையை அடைத்தாள். பிறகுதான் அவரைத் தொட்டாள்.

"மொதல்ல அதையாம்மா மூடுன?" என்றாள் மகள் மறுபடியும்.

"பழக்கதோஷம்டி."

"சரி விடு. காலேஜ்லேர்ந்து ஆள் வந்திருக்கார். உள்ள இருக்கறதக் கொட்டிட்டுக் குடுவைய எடுத்துட்டுப் போறாராம்."

"கொட்டவா? அதுல அப்பாவோட கடைசி மூச்சு இருக்குடி."

மகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "காலையிலயே பிளக்கப் பிடுங்கிட்டேன்மா. ஆறிப்போன தண்ணி அது."

அவள் கணவரின் கையைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி சில்லிட்டிருந்தது. எழுந்து பின்னறைக்குள் போய்த் தாழிட்டாள்.

பிளக் தரையில் கிடந்தது. டிக் இல்லை. குடுவையில் மட்டும் ஆவி படர்ந்திருந்தது. வழக்கம்போல் துணியால் துடைத்தாள். போகவில்லை, அது உள்பக்கம். படர்ந்தது, சுருங்கியது. மறுபடி படர்ந்தது. மூன்றாவது முறை கொஞ்சம் தயங்கி, பிறகு படர்ந்தது. அந்தத் தயக்கத்தை அவர் மூச்சில் அவள் படுக்கையில் பக்கத்தில் கிடந்து எத்தனையோ வருடம் கேட்டிருக்கிறாள்.

உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"அம்மா, காலேஜ் ஆள் காத்துட்டிருக்கார்." கதவு தட்டப்பட்டது.

வாயில் துணி கட்டாமல் கண்ணாடியருகே குனிந்தாள். விரல்கள் மூடியைப் பற்றின.

"ஏங்க, போதும். வெளிய வாங்க. கொஞ்ச நேரம் எங்கூட உக்காருங்க."