மூன்று வீட்டு ஒட்டியாணம்

1988 ஆகஸ்டு 21, ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லி கல்யாண மண்டபம் ஒன்றில் தாட்சாயிணிக்கும் ஆனந்தனுக்கும் திருமணம் நடந்தது.

மூன்றாம் நாள் திருவேற்காடு கோயிலுக்குப் போய்விட்டு இருவரும் அண்ணனூரில் ஆனந்தன் வீட்டுக்குத் திரும்பியபோது, கூடத்தில் அவளுடைய அப்பா கஜபதியும் பெரியம்மா சாமுண்டீஸ்வரியும் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் வைத்திருந்த காபி ஆறி ஆடை கட்டியிருந்தது.

பெரியம்மா எதற்கு வந்திருக்கிறாள் என்று தாட்சாயிணிக்குத் தெரியும். இடுப்பில் கிடந்த ஒட்டியாணம் திடீரென்று கனத்தது.

ஜமீன் போய், அரண்மனையும் போய், மூன்று பங்காளி வீடுகளுக்கும் பொதுவாக மிஞ்சியது அந்தக் கெம்புக்கல் ஒட்டியாணம் ஒன்றுதான். அம்பத்தூரில் பெரியம்மா பொறுப்பில் இருக்கும். எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் அதைப் பூட்டிக்கொண்டு மணையில் உட்காருவாள். முதல் தடவை கோயிலுக்குப் போய் வந்ததும் திருப்பித் தந்துவிடுவாள். இதைக் கஜபதி சம்பந்தி வீட்டில் சொல்லவில்லை. ராஜா வீட்டுப் பெண்ணுக்கு இரவல் நகையா என்று கேட்டுவிடுவார்களே! பரம்பரை நகை, பெண்ணுக்குத்தான் என்று சொல்லிவைத்திருந்தார்.

"இன்னா சம்பந்தி இது?" மாமியார் ஜெகதாம்பாள் அடுக்களை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "வாடகை சைக்கிள் பாத்துக்கீறேன். வாடகை ஒட்டியாணம் இப்பதான் பாக்குறேன்."

"வாடகையெல்லாம் இல்லைங்க." கஜபதி அண்ணி சாமுண்டீஸ்வரியின் பக்கம் திரும்பவேயில்லை. "என் பொண்ணுக்குக் குடுத்ததுதான்."

"தம்பி, கோயிலுக்குப் போய் வந்த பிள்ளை எதிர்ல பொய் பேசாதீங்க. தையில என் புஷ்பாவுக்குக் கல்யாணம். அவ இடுப்புக்கு நான் எதைப் பூட்டறது?"

"அது உங்க ஊட்டுக் கதை," என்றாள் ஜெகதாம்பாள். "பொண்ணு மேல வந்த நகை எங்குளுது. கெளம்புங்க."

சாமுண்டீஸ்வரி அதற்குமேல் வாதாடவில்லை. எழுந்து தாட்சாயிணியின் எதிரில் வந்து நின்றாள். அந்தக் குடும்பத்தில் ஒட்டியாணத்தை யாரும் பிடுங்கக் கூடாது. பெரியவள் கேட்க வேண்டும், பூண்டு முடித்தாயிற்று, எடுத்துக்கொள்ளலாம் என்று பூண்டவள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாதவரை திருகில் கை வைக்க முடியாது.

"பூண்டாச்சா?"

அப்பாவின் கண்கள் கெஞ்சின. ஆனந்தன் கைக்கடிகாரத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னாடி முழிக்கிறே? சொல்லு," என்றாள் மாமியார். "உன்னுதா, இல்லியா? உன்னுது இல்லன்னா இந்த ஊட்டுல உனக்கு இன்னா வேலை?"

தாட்சாயிணி ஒட்டியாணத்தைத் தொட்டுப் பார்த்தாள். பேசாமல் நின்றால்கூடப் போதும், ஒட்டியாணம் இங்கேயே தங்கிவிடும். அவளும்தான்.

"பூண்டாச்சு, பெரியம்மா."

சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

சாமுண்டீஸ்வரி திருகைக் கழற்றி, ஒட்டியாணத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். பொழுது சாய்வதற்குள் தாட்சாயிணியின் பெட்டியை ஜெகதாம்பாள் வாசலில் கொண்டுவந்து வைத்தாள். ஆனந்தன் உள்ளேயே இருந்தான்.

தை மாதம் புஷ்பாவின் கல்யாணம் அம்பத்தூரில் நடந்தது. கஜபதி போகவில்லை. தாட்சாயிணி பூந்தமல்லியில் அப்பா வீட்டிலேயே இருந்தாள்.