ஆகாசகருடன் துளிர்

என் மகன் மருதாசலம் பட்டாளத்துக்குப் போன அன்று, மருமகள் அங்காளம்மாள் வாசல் நிலையில் ஆகாசகருடன் கிழங்கைக் கட்டித் தொங்கவிட்டாள். அதற்கு மண்ணும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், காற்றைக் குடித்தே கொடி விடும். அது பச்சையாக இருக்கிறவரை போனவனுக்கு ஒன்றும் ஆகாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். காலையில் எழுந்ததும் அவள் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பாள். "உம்புருசன் என்ன வாச நெலையிலயா தொங்கறான்?" என்று நான் கேலி பேசுவேன்.

பர்மாச் சண்டையில் அவன் போய்விட்டான் என்று தந்தி வந்தபோது அவள் கிணற்றடியில் இருந்தாள். எட்டு மாத வயிறு. தந்தியைப் படித்துச் சொன்ன பாலசுந்தரம் வாத்தியாரின் காலைப் பிடித்துக்கொண்டேன். "புள்ளை பொறக்கற வரைக்கும் மூச்சு உடாதீங்க சாமி." அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பெற்ற மகனுக்காக நான் மாட்டுக் கொட்டகையில், வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன். அந்த எமனுக்குக் கண் அவிந்து போக! கிழவி நான் இருக்கையில் அவனா கிடைத்தான்?

பத்தே நாளில் அந்தப் பாழாய்ப்போன கிழங்கும் சுருங்கத் தொடங்கியது. அங்காளம்மாள் சோற்றைத் தொடவில்லை. "அத்தை, அவுங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க" என்று சுவரோடு சாய்ந்துவிட்டாள். இப்படியே விட்டால் தாயும் பிள்ளையுமாகப் போய்விடுவார்கள்.

மறுநாள் கஞ்சமலை அடிவாரத்துக்கு நடந்தேன். கொடிக்கு மஞ்சள் நூல் கட்டி, இரும்பு படக்கூடாதென்று குச்சியாலும் விரலாலும் கிளறி, அதே பருமனில் ஒரு கிழங்கைத் தோண்டினேன். நகக்கண்ணெல்லாம் ரத்தம். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பழையதை அவிழ்த்துப் புதியதைக் கட்டினேன். வாடியது எப்படித் தெளிந்தது என்று அவள் கேட்கவில்லை. நம்ப ஆசைப்பட்டவள் எதைக் கேட்பாள்?

நாலாம் நாள் அது துளிர் விட்டது. "அத்தை, பாருங்க! அவுங்க நல்லா இருக்கறாங்க!" என்று சிரித்தாள். அன்றைக்கு இரண்டு உருண்டை களி தின்றாள். என் களியை நாய்க்குப் போட்டேன்.

ஆண் பிள்ளை பிறந்தது. தீட்டுக் கழிந்த அன்று அவள் தலைக்குக் குளித்து, பூ முடித்து, நெற்றி நிறையக் குங்குமம் இட்டு வந்து நின்றாள். இனியும் மறைத்தால் நான் மனுசியே இல்லை. தந்தியை அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். கொடி முழ நீளத்துக்கு இறங்கியிருந்தது.

"சும்மா சொல்றீங்க அத்தை. கெழங்கு பச்சையா இருக்குது பாருங்க."

"அது நாங் கட்டுனது அம்மிணி! இந்தக் கையால தோண்டியாந்து கட்டுனேன். உம்புருசன் செத்துப்போயிட்டான் சாமி!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"கட்டுனது நீங்க" என்றாள். "அவுங்க இல்லீன்னா அது எப்படிங்க துளுர்க்கும்?"

அவள் தந்தியைக் கீழே போட்டுவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்க உள்ளே போனாள்.

அந்தக் கொடியை அறுத்தால்தான் அவளுக்குப் புத்தி வரும் என்று அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கையால் கொடியைப் பிடித்தேன். நுனியில் இன்னொரு துளிர் வந்திருந்தது.

ஐயோ, என் மருதாசலம்! தோண்டியவள் நான், கட்டியவள் நான், எல்லாம் தெரிந்தவள் நான். இருந்தும் என்னால் அதை அறுக்க முடியவில்லை.