மயக்கம் வந்ததுண்டா

ஆயுசில் பாதியை லிஃப்ட் மெக்கானிக்காகவே கழித்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் ஏன் நின்றுபோகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நின்றுபோன எதற்கும் ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஓட்டிவிடலாம் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் மோட்டார் அறைகளின் இரைச்சலில் காது பாதி போயிருந்தது. காதுக்கு மெஷின் வாங்கி மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தார். மாட்டினால் தலைக்குள் தகர டப்பாவை உருட்டுவதுபோல் இருக்கிறதாம்.

அவர் மனைவி ஏற்றுமதிக் கம்பெனியொன்றில் குளிர்கோட்டுகளுக்கு ஜிப் தைத்தவள். இரண்டு ஸ்வெட்டர் போட்டாலும் நடுங்கவைக்கும் ஊர்களுக்குப் போகிற கோட்டுகளை, ஃபேன் காற்றும் எட்டாத மூலையில் வியர்த்து வழிந்தபடி அவள் தைத்தாள். "நான் தைச்ச கோட்டைப் போட்டுக்கிட்டு யாராவது பனியில நடக்கிறதைப் பார்க்கணும்" என்று எப்போதாவது சொல்வாள். சிரித்துக்கொண்டே சொல்வதால் அது ஆசையா விளையாட்டா என்று யாருக்கும் பிடிபடாது.

ஆசைதான் என்று கண்டுகொண்டது அவளுடைய தங்கை. தங்கையும் அவள் கணவரும் பனிமலைச் சுற்றுலா ஒன்றைப் பார்த்துவைத்து, நாலு பேருக்கும் சேர்த்தே இடம் பிடித்துவிட்டார்கள். மலை உச்சிவரை ரயில் ஏறுமாம். சகலை வாயாடி. "அண்ணே, ரயில் நடுவழியில நின்னா இறங்கித் தள்ள ஆள் வேணும்ல, அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடுறோம்" என்று போனில் கத்தினார். அக்காவும் தங்கையும் கல்யாணத்துக்குப் பிறகு ஒரே அறையில் உறங்கி வருஷக்கணக்காகிவிட்டது. இந்தத் தடவை ஆண்கள் ஒரு அறை, பெண்கள் ஒரு அறை என்று அவர்களே தீர்மானித்துக்கொண்டார்கள்.

இன்சூரன்ஸில் வந்து முட்டியது. அது இல்லாமல் விசா கிடைக்காது. சுற்றுலாக் கம்பெனி எல்லோருக்கும் பொதுவாக எடுக்கும் பாலிசி, வயதானவர்களுக்கும் ஏற்கெனவே நோய் இருப்பவர்களுக்கும் செல்லாது. அவர்கள் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு ரத்தக்கொதிப்பு மட்டும்தான், சுலபமாக முடிந்தது. மனைவிக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, போதாக்குறைக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட். ஸ்டென்ட் என்ற சொல்லைக் கேட்டதும் ஒவ்வொரு கம்பெனியும் கதவைச் சாத்தியது. ஒன்று மட்டும் சம்மதித்தது. அது கேட்ட தொகையில் இன்னொரு தடவை பனிமலைக்கே போய்வரலாம்.

டிராவல்ஸ்காரர் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்கிற ஆள் இல்லை. நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, "சார், சர்க்கரைன்னு மட்டும் போட்டுடலாம். ஹார்ட் பக்கமே போக வேண்டாம். பத்து நாள்ல என்ன ஆயிடப்போகுது?" என்றார். கேட்டுக்கொண்டிருந்த அவருக்குச் சபலம் தட்டத்தான் செய்தது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார்.

வெளியூரில் இருக்கும் மகள்தான் தேடிப் பிடித்து ஒரு கம்பெனியைச் சொன்னாள். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் என்றே நடத்துகிறார்களாம். போனில் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள், பதிலுக்கு ஏற்றபடி கட்டணம் சொல்வார்கள், கட்டுப்படியாகிற மாதிரிதான் இருக்குமாம். அவருக்கு மறுபடி தெம்பு வந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், வளவளவென்று இழுக்கக் கூடாது என்று மனைவிக்குப் பாடம் நடத்தினார். சாப்பாட்டு மேஜையில் போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டு, தானும் காதில் விழுகிற தூரத்தில் நெருங்கி உட்கார்ந்தார்.

எதிர்முனையில் பேசிய பெண்ணின் குரல் பதமாக இருந்தது. நிறுத்தி நிறுத்தி, தெளிவாகக் கேட்டாள். ஸ்டென்ட் எப்போது வைத்தது, என்னென்ன மாத்திரை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டாள். மனைவி பள்ளிப் பிள்ளைபோல் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் தலையாட்டினார். வண்டி ஓடத் தொடங்கிவிட்டது என்றே நினைத்தார்.

"கடந்த ஒரு வருஷத்துல எப்பவாவது மயக்கம் வந்ததுண்டா அம்மா?"

இல்லை என்று சொல்லப்போகிறாள் என்று அவர் பாதி தலையாட்டியும் ஆகிவிட்டது. மனைவி மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"வந்துச்சும்மா. ரெண்டு தடவை."

கேள்வி சரியாகப் புரியவில்லைபோலும் என்று எண்ணி அவர் கையை ஆட்டி ஜாடை காட்டினார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா அம்மா?"

"இல்லம்மா."

"அந்த நேரத்துல பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"ஒரு தடவை யாரும் இல்ல. இன்னொரு தடவை பாத்ரூம்ல விழுந்தேன். இவர் அடுத்த ரூம்ல டிவி பார்த்துட்டிருந்தார். கூப்பிட்டேன். அப்புறம் நானே எழுந்துட்டேன்."

அந்தப் பெண், இதை முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும், சோதனைகள் முடிந்து முடிவு வரும்வரை தங்களால் பாலிசி தர முடியாது என்றாள். அவர் போனை அப்படியே கையில் எடுத்துக்கொண்டார். மனைவி எதையோ நினைத்து எதையோ சொல்லிவிட்டாள், வெயிலில் நின்றதால் வந்த கிறுகிறுப்புதான் அது என்று அளந்தார். இத்தனை வருஷத்தில் வாடிக்கையாளர் யாரிடமும் அவர் இப்படிக் கெஞ்சியதில்லை.

"சார், அம்மா சொன்னது ரெக்கார்ட் ஆயிடுச்சு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. முதல்ல அவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

போனை வைத்த பிறகு அவர் கோபத்தில் எழுந்தார், எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்லத் தெரிந்தது, இத்தனை நாளாகத் தன்னிடம் சொல்லத் தெரியவில்லையா என்று கேட்டார்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு" என்றாள் மனைவி. "நீங்க கேக்கல."

கேள்வியைச் சொன்னாளா, காதைச் சொன்னாளா என்று அவருக்குப் புரியவில்லை. அன்று மாலையே இழுப்பறையிலிருந்து மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார். மறுநாள் பழைய சாமான் பெட்டியைக் கிளறி, லிஃப்ட்டுக்குள் அபாயத்துக்கு அழுத்துகிற மணியைத் தேடி எடுத்தார். பாத்ரூம் சுவரில் கைக்கெட்டுகிற உயரத்தில் பட்டனும் கூடத்தில் மணியுமாகப் பொருத்தினார். அழுத்தினால் எதிர்வீட்டுக்காரர்கூட ஓடிவருவார். மனைவி ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு, "மயக்கம் வந்தா எப்படிங்க அழுத்துறது?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் கையில் ஸ்குரூ டிரைவரோடு நின்றார்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, இதயத் துடிப்பு இடையிடையே தடுமாறுகிறதோ என்று சந்தேகப்பட்டார். மார்பில் ஒரு கருவியை ஒட்டி, தொடர்ந்து சில நாள் பதிவு செய்து பார்க்க வேண்டுமாம். கருவி குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். கிடைத்த தேதி, சுற்றுலா முடிந்து எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு. அவர் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் கால் கடுக்க நின்று கேட்டார், மறுநாளும் போய் நின்றார். அவசரம் என்று டாக்டர் எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றார்கள். அதைவிட அவசரமானவர்கள் வரிசையில் இருக்கிறார்கள் என்றார் டாக்டர். யார்மீதும் கோபப்பட வழியில்லை. எல்லோரும் தன்மையாகத்தான் பேசினார்கள்.

மற்ற கம்பெனிகளுக்கும் போன் போட்டுப் பார்த்தார். ஏதாவது பரிசோதனைக்காகக் காத்திருக்கிறீர்களா என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். ஒருவர் மட்டும் இதயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தருகிறேன் என்றார். கால் உடைந்தால் பார்ப்பார்களாம், பெட்டி தொலைந்தால் பணம் தருவார்களாம்.

விசாவுக்குக் கெடு நெருங்கியது. அவர் யாரிடமும் சொல்லாமல் டிராவல்ஸ்காரரிடம் போனார். ஸ்டென்ட்டும் மயக்கமும் இல்லாத ஒரு மனைவி அங்கே சிறிது நேரத்தில் தயாரானாள். வீட்டுக்கு வந்து, காரியம் முடிந்தது, பெட்டியைக் கட்டு என்றார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னன்னு சொன்னீங்க?"

சொன்னார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அங்க நான் விழுந்தா நீங்கதான் பக்கத்துல நிப்பீங்க. அவங்க பேசுறது உங்களுக்குப் புரியாது. பாதி காதுலயே விழாது. பாலிசி செல்லாதுன்னு கையை விரிச்சா யார்கிட்ட போவீங்க? அதை நினைச்சுதாங்க அந்தப் பொண்ணுகிட்ட மறைக்காம சொன்னேன். எனக்கும் போகணும்னுதான் இருந்துச்சு."

அவர் அந்தப் பாலிசியை ரத்து செய்தார். தங்கை தாங்களும் போகப்போவதில்லை என்று அழுதாள். கட்டிய பணம் திரும்பாது, தனக்காக இரண்டு பேரும் ஏன் கெட வேண்டும் என்று மனைவிதான் பேசிப் பேசிக் கரைத்தாள். அவரையாவது அனுப்பிவைக்கவும் முயன்றாள். அதற்கு மட்டும் அவர் பிடி கொடுக்கவில்லை.

வழியனுப்ப இருவரும் விமான நிலையம் போனார்கள். சகலை வழக்கமான கேலியை ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கை அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. மாத்திரையை நேரத்துக்குப் போடு, தனியாகக் குளிக்கப் போகாதே என்று அக்காவுக்குத் தங்கை புத்தி சொன்னாள். குளிரில் காதை மூடிக்கொள் என்று அக்கா பதிலுக்குச் சொன்னாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர்கள் வரிசையில் மறையும்வரை மனைவி கையசைத்தாள். அவர்கள் திரும்பிப் பார்க்காத நேரத்திலும் அசைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் அவளை உட்காரவைத்துப் பக்கத்தில் அமர்ந்தார். பனி எப்படி இருக்கும் என்று தங்கை போட்டோ அனுப்புவாள் என்றார். அனுப்புவாள் என்றாள் அவளும். சிறிது தூரம் போனதும் அவள் தலை கண்ணாடியில் சாய்ந்தது. கண் மூடியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் குனிந்து பார்த்தார். மூச்சு தெரிகிற மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. பஸ்ஸின் குலுக்கலில் எது அவள் அசைவு, எது வண்டியின் அசைவு என்று பிரித்தறிய முடியவில்லை. மெதுவாக அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தூங்கத்தாங்க செய்யறேன்" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

சரி என்றார். கையை எடுக்கவில்லை. விரலடியில் துடித்தது, கொஞ்சம் நின்றதுபோல் தோன்றியது, மறுபடி துடித்தது. அது அப்படித்தான் துடிக்குமா, அப்படித் துடிக்கக் கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டது.